மாரிசெல்வியின் பொதுப் படம்

மாரிசெல்விக்குக் கோபம் வந்தால் முதலில் மாடிப்படிக்குத் தெரியும், அடுத்தபடியாக எனக்குத் தெரியும். நான் நாசர். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் கீழே என் செல்போன் ரிப்பேர் கடை, மேலே அவளுடைய வெப்சைட் ஆபீஸ். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ரூம், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் அவளுக்குப் பயந்துதான் சுற்றுகிறது என்று நான் சொல்வேன். அவள் திட்டுவாள். அந்தத் திட்டு காதில் விழுந்தால்தான் எனக்குக் கடை திறந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் மேலேயிருந்து ஒரு கீபோர்டு பறந்து வந்து என் கடை போர்டில் அடித்துத் தெருவில் விழுந்தது. பின்னாலேயே ஒரு பெரிய மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். கடலை மிட்டாய் வியாபாரி. வெப்சைட்டைத் திறந்ததும் மயில் ஆட வேண்டும், எழுத்து ஓட வேண்டும், நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்றிருக்கிறார். மேலே அவள் கத்தினாள்.

"மயிலு ஆடுதத பாக்கவா வே மிட்டாய்க் கடைக்கு வாரான்? என்ன பாகு ஊத்துதீங்க, எம்புட்டு நாளு கெடாம இருக்கும், எங்கன ஆர்டர் சொல்லணும், அத எழுதித் தாங்க, எழுதித் தாங்கன்னு தொண்டத் தண்ணி வத்துது எனக்கு. ஒரு வரி தரல. மயிலாம் மயிலு!"

அந்த மனிதர் மறுவாரம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கீபோர்டுக்கு விலையை அவரே கொடுத்தார். இவள் கையில் மாட்டியவர்கள் இப்படித்தான் ஆவார்கள்.

வெப்சைட் வேலையில் அவளுக்கு இருந்த பிடிவாதம் இது ஒன்றுதான். முதலில் சொல்ல வேண்டிய விஷயத்தைக் கொண்டு வா, அலங்காரம் பிறகு. படிக்கிறவன் கையில் இருப்பது மலிவான போன், அவன் நிற்பது சிக்னல் எட்டாத பருத்திக்காடு, அங்கேயும் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். தலைப்பு பொய் சொல்லக் கூடாது. படம் அந்தச் செய்திக்குச் சொந்தமான படமாக இருக்க வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவனை அவள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள். தள்ளுவாள் என்றால் நிஜமாகவே தள்ளுவாள்.

கடம்பூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊர் அவளுடையது. ஆடு மேய்க்கிற குடும்பம். அய்யா நந்தகோபால், அம்மா சுப்புத்தாய். கம்ப்யூட்டர் படித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் தோளில் கை வைத்தான். மேஜையில் கிடந்த ஸ்டேப்ளரை எடுத்து அந்தக் கையிலேயே ஓங்கி அடித்துவிட்டு அன்று மாலையே ரயில் ஏறினாள். ஊருக்கு வந்ததும் நந்தகோபால் கேட்டது ஒன்றுதான். "நல்லா அடிச்சியாட்டீ?"

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுமந்தையை அடைத்துக் கிடை போடுவார். ராத்திரி முழுவதும் ஆடுகள் போடும் சாணியும் மூத்திரமும் கரிசலுக்கு உரம். காட்டுக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். வெயில் காலத்தில் முதலில் குளத்தூர் பக்கம், பிறகு பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் சண்முகராஜ் என்பவருடைய காடு, மழைக்கு முன்னால் வீடு. வருஷா வருஷம் இதே வழிதான். சண்முகராஜும் அவரும் கூடப் பிறக்காத குறைதான். வீட்டில் தங்கியதைவிட அந்த மனிதர் அடுத்தவன் காட்டில் தூங்கியதுதான் அதிகம். போனை அணைத்துத் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஏதாவது பம்ப்செட் ரூமில் சார்ஜ் கிடைத்தால்தான் அது பேசும்.

போட்டோ என்றாலே ஓடுவார். ஒரே ஒருமுறை, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றவரை இவள் சட்டென்று எடுத்துவிட்டாள். அந்த ஆயுளுக்கு அது ஒன்றுதான் உருப்படியான படம். ஓட்டர் கார்டில் இருப்பது படமே இல்லை, கரித்துண்டு.

இப்போது தங்கசாமிக்கு வருகிறேன். வரவே பிடிக்கவில்லை, ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும். மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருப்பவர். அவருக்குத்தான் "பருத்திக்காடு" என்ற செய்தித் தளத்தை இவள் செய்து கொடுத்தாள். கோவில்பட்டியிலிருந்து குளத்தூர் வரைக்கும் மழை, மின்தடை, பருத்தி விலை, கோயில் கொடைத் திருவிழா, சாவு, சடங்கு எல்லாம் அதில் வரும். கட்டிக் காப்பது இவள். செய்தி போடுவது தங்கசாமி, போனிலிருந்தே போடுவார். போட்ட கையோடு அந்த லிங்க்கை ஊர் ஊராக இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புகளில் தள்ளுவார்.

லிங்க்கை அனுப்பினால் அதன் தலைப்பும் ஒரு படமும் சின்னப் பெட்டியாகத் தானே வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். செய்தியில் படம் இல்லை என்றால்? அந்தப் பெட்டி மொட்டையாக நிற்கும். மொட்டையாக நின்றால் எவனும் தொட மாட்டான். அதற்காக, படம் இல்லாத செய்திக்கெல்லாம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ள ஒரு பொதுப் படம் வைக்க வேண்டும். தளத்தைக் கட்டும்போது சும்மா பரிசோதனைக்காக இவள் தன் அய்யா படத்தை வைத்திருந்தாள். தங்கசாமி பார்த்துத் துள்ளினார். "இதாம்மா நம்ம மண்ணு! இதையே வச்சுரு." அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அதை மறைக்க இரண்டு திட்டு திட்டிவிட்டு, வைத்தாள்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! மின்தடைச் செய்திக்கு ஈபிக்காரர்கள் எந்தக் காலத்தில் படம் கொடுத்தார்கள்? எங்கே கரண்டு போனாலும் நந்தகோபால் ஆட்டுக்குட்டியோடு வந்து நின்றார். மழை பெய்தாலும் அவர்தான், பருத்தி விலை இறங்கினாலும் அவர்தான். கடம்பூரில் போளி வாங்கப் போனால் கடைக்காரர், "கரண்டு மாமா வந்துட்டாரு, போனையெல்லாம் சார்ஜ்ல போடுங்கலே" என்பாராம். மனிதர் மகளிடம் வந்து புலம்பினார்.

"ஏட்டி, நான் ஆடு மேய்க்கவனா, ஈபிக்காரனா? ரோட்டுல போனா ஒருத்தன், எங்க ஊருக்கு எப்ப மாமா கரண்டு வருமுன்னு கேக்கான்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு ஒருநாள் நின்றது. குடித்துவிட்டுப் பெண்டாட்டி மண்டையை உடைத்தவன் ஒருவனைப் பற்றிய செய்தி, படம் இல்லாமல் வந்தது. நந்தகோபால் முகத்தோடு ஊரெல்லாம் போனது. தெரிந்தவர்கள் கேலி பண்ணினார்கள். மாரிசெல்வி சிரிக்கவில்லை. என் கடையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தங்கசாமி கடைக்குப் போய், காயப் போட்டிருந்த கல்யாண ஃப்ளெக்ஸை மாப்பிள்ளை கழுத்தோடு குறுக்கே கிழித்தாள். "தெரிஞ்சவன் சிரிக்கான். தெரியாதவன் என்ன செய்வான்? ரோட்டுல பாத்தா எங்கய்யாவ வெட்டுவான்" என்றாள். தங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றே திருத்தினாள். குற்றம் என்ற பகுதியில் போடுகிற செய்திக்கு எந்த முகமும் போகாது, கறுப்புப் பின்னணியில் தலைப்பு மட்டும் போகும். குற்றச் செய்தியை இந்தப் பகுதியில்தான் போட வேண்டும் என்று தங்கசாமிக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். தலையாட்டினார். ஆனால் கறுப்புப் பெட்டியை ஜனங்கள் அவ்வளவாகத் தொடவில்லை. "உங்கய்யா மொகம் இருந்தா கை தானா அமுக்குதும்மா" என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சித்திரையில் விளாத்திகுளம் பக்கம் ஆடு திருட்டு அதிகம். காரில் வருவான்கள். ஆட்டின் வாயைத் துணியால் கட்டிப் பின் சீட்டில் திணித்துக்கொண்டு பறந்துவிடுவான்கள். ஒரு ஆடு போனால் ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத் துணி இல்லை. ஜனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஒருநாள் காலையில் அந்தக் கும்பலில் ஒருவன் சிக்கினான், இன்னொருவன் தப்பி ஓடிவிட்டான். தங்கசாமி செய்தியை எழுதினார். படம் கிடைக்கவில்லை. குற்றம் பகுதியில் போட்டால் கறுப்புப் பெட்டி. "ஆடு மாடு" என்றொரு பகுதி இருக்கிறதே, ஆட்டுக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து படிப்பது அதைத்தானே? அதில் போட்டார்.

"ஆடு திருடும் கும்பல்: தப்பியவன் குளத்தூர் பக்கம் பதுங்கல்." தலைப்புக்கு மேலே தோளில் ஆட்டுக்குட்டியோடு நந்தகோபால்.

மத்தியானம் நான் ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சத்தமே இல்லாமல் இறங்கி வந்து நின்றாள். நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, வண்டிய எடுங்க. எங்கய்யா குளத்தூருக்குக் கிழக்க கிடை போட்டுருக்காரு."

போனைக் காட்டினாள். யா அல்லா! பிரித்த போனை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு, ஷட்டரைக்கூட இறக்காமல் வண்டியை எடுத்தேன்.

எட்டயபுரம் ரோட்டில் கண் மண் தெரியாமல் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு அய்யாவுக்கு அடித்துக்கொண்டே வந்தாள். போன் அணைந்திருந்தது. போலீசுக்குச் சொன்னாள், வருகிறோம் என்றார்கள். தங்கசாமியைக் கூப்பிட்டாள். அந்தச் செய்தியின் படத்தை மாற்றிவிட்டேன் என்று அவர் அழுதிருக்க வேண்டும்.

"இங்கன மாத்துனா அங்கன போனது மாறுமா வே? ஒவ்வொருத்தன் போன்லயும் போயி ஒக்காந்துட்டுல்லா! மாறாது வே, இனி செத்தாலும் அது மாறாது! எங்கய்யாவுக்கு ஒண்ணு ஆச்சு, ஒம்ம கொடல உருவிருவேன்!"

அது உண்மை. ஒருமுறை போய்ச் சேர்ந்த பெட்டி போனது போனதுதான். பக்கத்தை அழித்தாலும் அந்தப் படம் அங்கே நிற்கும். வழியெல்லாம் அவள் நகம் என் தோளில் புதைந்திருந்தது.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம், அன்றைக்கு அவர்களை நான் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து இறங்கும்போதே ஆடுகள் சிதறிக் கிடந்தன. கிடைக்குக் கட்டியிருந்த வலை அறுந்து கிடந்தது. வெடித்த கரிசலில் ஒரு குட்டி கழுத்து திரும்பிச் செத்துக் கிடந்தது. "கள்ளன் ஆட்டுக்கு யாருலே கேக்கப் போறா" என்று ஒருவன் இரண்டு ஆட்டை பைக்கில் குறுக்கே போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனான்.

உடைமரத்தில் அவரைக் கட்டியிருந்தார்கள். வேட்டி இல்லை. மரத்தின் முள் முதுகில் ஏறியிருந்தது. வாய் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. ஒருவன் கட்டையால் முழங்காலில் அடித்தான், அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவி மண்ணை வாரி அவர் கண்ணில் வீசினாள். "எங்க ஆடு எங்கலே? எங்க ஆட்ட எங்க வித்த?" அவர் என்னமோ சொல்லப் பார்த்தார், பல்லுதான் வெளியே வந்தது.

மாரிசெல்வி கத்தவில்லை. அய்யாவுடைய தொரட்டி, ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற நீளக் கம்பு, நுனியில் அரிவாள் கட்டியது, தரையில் கிடந்தது. எடுத்தாள். கட்டை வைத்திருந்தவன் கையை ஒரே இழுப்பு. தோல் கிழிந்து அவன் அலறினான். அடுத்து படம் எடுத்தவன் தாடையில் கம்பின் அடிப்பக்கத்தால் கொடுத்தாள். கூட்டம் இவள் மேல் திரும்பியது. முடியைப் பிடித்து இழுத்தார்கள், வயிற்றில் மிதித்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். என் விலா எலும்பு அன்றைக்கு உடைந்ததுதான், இன்றைக்கும் குனிந்தால் வலிக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை, கையில் அகப்பட்ட காதைக் கடித்தேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

"கள்ளனுக்குக் கூட்டாளி வந்துட்டாலே!"

"எங்கய்யாடா அது! எங்கய்யா!"

"படம் வந்துருக்குல்லா! ஆட்டோட நிக்கான்லா!"

ஒரு பனியன் போட்ட பையன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் அவன் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து ரத்தம் அவன் போனில் சொட்டியது.

"மேல தள்ளுலே. குரூப்ப மேல தள்ளு."

"எதுக்கு?"

"தள்ளுலே நாயே!"

தள்ளினான். நேற்றைய பருத்தி விலை, நந்தகோபால். தள்ளினான். மின்தடை, நந்தகோபால். கோடை மழை, நந்தகோபால். குளத்தூர் உப்பளத்தில் வேலைநிறுத்தம், நந்தகோபால். ஒவ்வொன்றிலும் அதே ஆட்டுக்குட்டி, அதே சுருங்கிய கண். பையனின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"பருத்தி வெலைய எறக்குனது எங்கய்யாவாலே? கரண்ட நிறுத்துனது எங்கய்யாவா? மழையத் திருடுனாரா? ஒருத்தனாவது அத அமுக்கி உள்ள படிச்சியாலே? படிச்சியா? உள்ள பேரு இருக்கு, ஊரு இருக்கு, தப்புனவனுக்கு இருவது வயசுன்னு போட்டுருக்கு! எங்கய்யா தல நரச்சுருக்கது தெரியலயாலே ஒங்களுக்கு?"

ஒவ்வொருவனாகத் தன் தன் போனைப் பார்த்தான். யாருமே படித்திருக்கவில்லை. படத்தையும் தலைப்பையும் பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கி வந்திருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் முதலில் நழுவினார்கள். கட்டையைக் கீழே போட்டால் சத்தம் கேட்குமே என்று ஒருவன் மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். பனியன் போட்டவன் மட்டும் நின்று கயிறை அவிழ்த்தான். போலீஸ் ஜீப் வந்தபோது காட்டில் நாங்களும் சிதறிய ஆடுகளும்தான் இருந்தோம்.

நந்தகோபாலைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு வரவே இல்லை. சுப்புத்தாய் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரிசெல்வி ஒரு பகல் முழுவதும் அய்யாவுடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் காலையில் என்னைப் பார்த்து, "அண்ணே, கோயில்பட்டி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். தொரட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே ஆசைதான்.

தங்கசாமி கடையில்தான் இருந்தார். ஓடவில்லை, அதற்கு மட்டும் ஒரு மரியாதை. முதல் அடி ஃப்ளெக்ஸ் மெஷினில் விழுந்தது. அடுத்த அடி கம்ப்யூட்டரில். கண்ணாடிக் கதவை நான் ஸ்டூலால் உடைத்தேன், உடைந்த விலாவோடு. வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். மாரிசெல்வி தங்கசாமியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அவர் மண்டையை மோதினாள். மூக்கு உடைந்து ரத்தம் மீசைக்கு இறங்கியது. அந்தக் கோலத்தில் அவரை ஒரு படம் எடுத்தாள்.

"இனி இதுதான் பொதுப் படம்" என்றாள்.

உடைந்த மேஜையில் உட்கார்ந்து போனிலேயே அந்த வேலையைப் பார்த்தாள். தளத்துக்குள் போனாள், அய்யா படத்தை எடுத்தாள், தங்கசாமியை வைத்தாள். புதிதாக ஒரு செய்தி தொடங்கினாள். தலைப்பை எனக்குக் காட்டினாள். "பிள்ளை பிடிக்க வந்தவன் கோவில்பட்டியில் சுற்றுகிறான்." தங்கசாமி அதைப் பார்த்தார். அடி விழுந்தபோது அழாத மனிதர் அப்போதுதான் அலறினார். தரையில் விழுந்து அவள் காலைக் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம்மா! எம்பேத்திய ஸ்கூல்ல விடப் போவணும்மா. ரோட்டுல அடிச்சே கொன்னுருவானுவம்மா!"

"தெரியுதுல்லா?" என்றாள். "இப்பத் தெரியுதுல்லா?"

"அமுக்குட்டீ!" என்று நான் கத்தினேன். ஆமாம், நான்தான். அந்த உடைமரத்தைப் பார்த்த எவனும் அதைத்தான் சொல்வான். அவள் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அப்போது அதே போனில் சுப்புத்தாய் அம்மா கூப்பிட்டாள். ஒரு அலறல்தான் கேட்டது, எங்கள் மூன்று பேருக்குமே புரிந்தது.

அவள் எழுந்தாள். எழுதிய செய்தியை அழித்தாள். தங்கசாமி படத்தையும் எடுத்தாள். அந்த இடத்தை ஒன்றும் வைக்காமல் மொட்டையாகவே விட்டாள். தொரட்டியை எடுத்துக்கொண்டு, தங்கசாமியைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள்.

அய்யாவுடைய இறப்புச் செய்தியை அவளே போட்டாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. அவள் எப்போதும் சொல்கிற மாதிரியே செய்தாள். பெயர், ஊர், எப்போது எடுக்கிறார்கள், கடம்பூரிலிருந்து எந்தப் பாதை, எல்லாம் தெளிவாக எழுதினாள். தலைப்பு பொய் சொல்லவில்லை. செய்திக்குச் சொந்தமான படத்தை வைத்தாள். ஆட்டுக்குட்டியோடு நிற்கிற அந்தப் படம். என்னைப் பார்த்து, "வேற படம் இல்லண்ணே" என்றாள். எல்லா குரூப்புக்கும் அனுப்பினாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். பனியன் போட்ட பையன் வந்து தூரத்தில் நின்றான், எவனும் அவனை அடிக்கவில்லை, எங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆனால் நந்தகோபால் கிடை போட்ட காட்டுக்காரர்கள், வருஷா வருஷம் அவர் கையால் குட்டி வாங்கினவர்கள், வழியெல்லாம் மாமா மாமா என்று கூப்பிட்டவர்கள், ஒருவரையும் காணோம். நன்றி கெட்ட ஜனம் என்று நான் சுடுகாட்டிலேயே வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

வைகாசி போய் ஆனி பிறந்தது. அவள் மாடிக்குத் திரும்பி வந்திருந்தாள். முன்னைவிட அதிகமாகத் திட்டினாள், வருகிறவன் போகிறவன் எல்லோரையும். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. ஒருநாள் சார்ஜரை வாங்க என் கடைக்கு இறங்கி வந்தபோது அவள் போன் அடித்தது. கையில் பொருள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். சண்முகராஜ்.

"செல்வி, நல்லாருக்கியாம்மா? உங்கய்யா எங்கட்டி இருக்காரு? போன் போவ மாட்டுக்கு. காடு காலியாக் கெடக்கு, மழைக்கு முன்ன கிடை போட்டாத்தான உண்டு. ஆடு சொகமில்லையா, என்னவாம்?"

நான்தான் குனிந்து கேட்டேன். "அண்ணாச்சி, நாசர் பேசுதேன். அவிய எறந்த சேதி குரூப்ல போட்டோமே, நீங்க பாக்கலையா?"



"குளத்தூர் பக்கம் யாரோ ஒரு கிடைக்காரன அடிச்சுப் போட்டாங்கன்னு கேட்டேன், அவருன்னு யாரும் சொல்லலயேப்பா…" என்று இழுத்தார் அவர். "நந்தகோபால் படம் வந்துச்சு. வந்துச்சுப்பா. அது எப்பவும் வாரதுதான? கரண்டு கட்டுன்னுல்லா நெனச்சேன். நான் அதத் தெறக்கவே இல்லையே!"

மாரிசெல்வி போனை எடுத்து அணைத்தாள். சார்ஜரை வாங்காமல் மாடிக்குப் போனாள். அன்று பூராவும் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து ஒரு திட்டும் வரவில்லை.